புள்ளிக்குப் பின்னால் முப்பத்தாறு

அரை லிட்டர் என்றால் எத்தனை கோப்பை என்று
நைரோபியிலிருந்து நாத்தனார் போனில் கேட்கிறாள்.
எந்தக் கோப்பை என்று திருப்பிக் கேட்டேன்.
பூப்போட்டதா, கைப்பிடி உடைந்ததா,
சோடாக் கம்பெனிக்காரன் இலவசமாய்த் தந்ததா?
அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.
ஓல் கலோ பால் சங்கத்தில் பதினோரு வருட எழுத்தர் நான்.
அளவென்றால் என்னிடம்தான் வருவார்கள்.

சோளத்தைக் குவித்து அளக்கலாம்,
தலைதட்டும்போது சுண்டுவிரலால் கொஞ்சம் களவாடலாம்.
பாலைக் குவிக்க முடியாது.
அது தன் தலையைத் தானே தட்டிக்கொள்ளும்.
நேர்மையான சரக்கு என்று நினைத்திருந்தேன்,
அதோடு பழகுகிற என்னையும் சேர்த்து.

விடியுமுன் பனியோடு வந்து சேரும் வரிசை:
கழுதை வண்டி, சைக்கிள், முதுகில் கட்டிய கேன்.
கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டால் முப்பதில் நிற்கவேண்டும்.
கிச்சூஹியின் பாலில் ஒருநாள் இருபத்திரண்டுக்கு அமிழ்ந்தது.
ராத்திரி மழையில் மாடு நனைந்துவிட்டது என்றார்.
வரிசை மொத்தமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டது.
அவர் கேனைத் திருப்பி அனுப்பினேன்.
என்னைத் திருப்பி அனுப்ப யாருமில்லை.

ந்யாகுதீ கொண்டுவருவது பன்னிரண்டு லிட்டர்.
கேனுக்குள் ஆணியால் கீறிய ஒரு வளையம்,
அதற்கு மேலுமில்லை, கீழுமில்லை.
பழைய தராசின் முள் பன்னிரண்டைத் தாண்டிப் போய்
கூச்சத்தோடு நடுங்கும்.
12 என்று எழுதுவேன்.
நோட்டில் கட்டங்கள் குறுகல்;
இரண்டு எண்ணுக்குமேல் உட்கார இடமில்லை.

போன ஜூலையில் எண் தராசு வந்தது.
சிவப்பில், யாரும் படிக்கும்படி, 12.36.

"வாலை எங்கே வைத்தாய்?" என்றாள்.
"நீங்கள் கொண்டுவந்தது பன்னிரண்டு லிட்டர்தானே அம்மா?"
"ஆமாம்."
"பன்னிரண்டு எழுதியிருக்கிறேன்."
"காசு எதற்கு, லிட்டருக்கா?"
"கிலோவுக்கு."
அவள் பேசவில்லை.
பின்னால் ஒரு கழுதை தும்மியது.
"அப்போது லிட்டரை எழுதிக் கிலோவைக் கொடுக்கிறாய்."

வீட்டில் அதே கேனில், அதே வளையம் வரை
தண்ணீர் ஊற்றி, கோழிக்கடைத் தராசில் நிறுத்தாளாம்.
சரியாகப் பன்னிரண்டு.
"தண்ணீரைவிடப் பால் கனம். தெரியுமா உனக்கு?"

தெரியும்.
முதல் வாரப் பயிற்சியில் கொடுத்த மஞ்சள் புத்தகத்தில்
லிட்டரை ஒன்று புள்ளி பூஜ்யம் மூன்றால் பெருக்கு என்றிருந்தது.
அடிக்கோடுகூடப் போட்டிருந்தேன்.

ஒரு சொட்டு நான் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை.
டாங்கர்க்காரன் கிலோவில்தான் வாங்குவான்,
சிந்தியது கெட்டது போக எங்கள் கணக்கில்
எப்போதும் கொஞ்சம் மீதி நிற்கும்.
பால் குறையாத எழுத்தர் என்று
ஒரு டிசம்பரில் கூட்டம் கூட்டிக் கம்பளி தந்தார்கள்.
நல்ல கம்பளி. இன்றைக்கும் அதைத்தான் போர்த்துகிறேன்.

மறுநாள் ஸ்கேலும் பேனாவுமாக உட்கார்ந்து
கட்டங்களை அகலமாக்கினேன்.
வரிசை ஊர்ந்தது. பள்ளிக்கு நேரமாகிற பிள்ளைகள் முணுமுணுத்தார்கள்.
புள்ளி வைக்கக் கற்றுக்கொள்கிறாள் என்றார் கிச்சூஹி.
செயலாளர் வந்து பார்த்தார், கையைக் கட்டிக்கொண்டு,
ஒன்றும் சொல்லாமல் போனார்.
அது இனிமேல்தான் வரும்.

ந்யாகுதீ கேட்டது ஜூலைக்கு மட்டும்.
முன்னால் போன வருடங்களை அவள் கேட்கவில்லை.
ராத்திரி அடுப்படியில் நான்தான் கேட்டுக்கொண்டேன்:
ஆயிரத்து நானூற்று நாற்பத்தைந்து கிலோ.
மூன்று நல்ல மாடுகள் தராசில் ஏறி நின்றதுபோல.
அவளிடம் இருப்பது ஒன்று.

தேநீருக்கு ஒரு டம்ளர் பால், ஒரு டம்ளர் தண்ணீர்.
இரண்டும் ஒரே உயரத்தில் நின்றன.
கையில் தூக்கிப் பார்த்தேன். கைக்குத் தெரியவில்லை.

போன் மறுபடி அடித்தது. கேக் நடுவில் அமுங்கிவிட்டதாம்.
எந்தக் கோப்பையில் ஊற்றினாய்?
பூப்போட்டதில், இரண்டு.
இரண்டும் போதாது, மேலே ஒரு மிடறு வேண்டும் என்றேன்.
ஒரு மிடறுதானே, என்கிறாள்,
விட்டால் என்ன ஆகிவிடும்?